அப்பாவோட முதல் பாதி

அப்பா போனப்போ அவருக்கு 91 வயசு. வந்தவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான் சொன்னாங்க, நிறைவா வாழ்ந்துட்டார், கடுமையான உழைப்பாளி, சொன்ன சொல் மாறாதவர், யாரையும் ஏமாத்தாதவர்னு. எதுவும் பொய் இல்ல. ஆனா இதே நாலு வாக்கியத்த எந்த வியாபாரி செத்தாலும் சொல்லலாமே, இதுல எங்க அப்பா எங்க இருக்காருன்னு எனக்கு ஒரு கோவம் மாதிரி வந்துச்சு.

இவ்வளவு வயசு இருந்து போறவங்ககிட்ட ஒரு சிக்கல் இருக்கு, அத யாரும் பேசறதில்ல. அவரோட கூடப் பிறந்தவங்க, ஆரம்ப காலக் கூட்டாளிங்க, முதல் தடவை நம்பி கடனுக்கு சரக்கு குடுத்தவர், எல்லாரும் அவருக்கு முன்னாடியே போயாச்சு. நான் கடைசிப் பொண்ணு, எனக்கு விவரம் தெரியறப்போ அவருக்கு நாப்பத்தஞ்சு தாண்டிடுச்சு, அண்ணனுக்குத் தெரிஞ்சது கூட முப்பத்தஞ்சுக்கு அப்புறம் உள்ள அப்பா தான். அதுக்கு முன்னாடி இருந்த ஆள், கையில ஒண்ணும் இல்லாம தொழில் ஆரம்பிச்ச அந்தப் பையன், அவனுக்கு சாட்சின்னு ஒருத்தர் கூட உயிரோட இல்ல. அந்த முதல் பாதிய எப்படி பிடிச்சு வெச்சோம், அதுக்கு எது உதவுச்சு, எது வேஸ்ட்டுன்னு தான் இங்க எழுதறேன். வயசான அப்பாவோ அம்மாவோ, அதுலயும் சொந்தமா தொழில் பண்ணவங்க வீட்ல இருந்தா ஏதாவது ஒண்ணு பிரயோஜனப்படும்.

அப்பாவுக்கு பேப்பர் மொத்த வியாபாரம். மில்லுல இருந்து ரீலா (பெரிய உருளை), ரீமா (500 ஷீட் கட்டு) எடுத்து பிரஸ்காரங்களுக்கும் பைண்டிங் பண்றவங்களுக்கும் சப்ளை. வெளிய இருந்து பாத்தா ரொம்ப சாதாரணத் தொழில். ஆனா அவர் ஒரு ஷீட்ட ரெண்டு விரல்ல எடுத்து ஓரமா லேசா ஆட்டி அந்த சத்தத்த வெச்சே இது என்ன ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு சொல்லுவார். நானே தராசுல போட்டுப் பாத்திருக்கேன், பெருசா தப்பாது. கிரைன், அதாவது பேப்பர்ல நார் படுத்திருக்கற திசை, எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்க ஒரு மூலையக் கிழிப்பார், கிரைன் பக்கமா கிழிச்சா நேரா வரும், குறுக்க கிழிச்சா கோணலா போகும். சந்தேகம் இருந்தா ஒரு சின்னத் துண்ட ஒரு பக்கம் மட்டும் ஈரம் பண்ணுவார், அது சுருண்டு ஒரு குழல் மாதிரி ஆகும், குழல் எந்தத் திசையில நீளுதோ அது தான் கிரைன். புஸ்தகத்துக்கு கிரைன் முதுகுக்கு இணையா இருக்கணும், இல்லேன்னா பக்கம் விரிச்சு வெச்சா நிக்காது, ஓரம் அலை அலையா ஆயிடும். ஒரு பைண்டருக்கு தப்பான கிரைன்ல சரக்கு போயிடுச்சுன்னு தெரிஞ்சு, அந்த ஆளுக்கே அது தெரியாதப்போ, ராத்திரியோட ராத்திரி திருப்பி எடுத்துட்டு வரச் சொல்லி வேற அனுப்பினவர். நேர்மைன்னு ஒரே வார்த்தையில சொல்லி முடிச்சிடலாம், ஆனா கிரைன் கதை தெரியலேன்னா அந்த நேர்மைக்கு என்ன விலைன்னு புரியாது. அதனால நான் சொல்ற முதல் விஷயம், உங்க அப்பாவப் பத்தி எழுதணும்னா முதல்ல அவர் தொழிலக் கத்துக்கோங்க, ஓரளவுக்காவது. அவர் எதுக்கு பெருமைப்பட்டார், எதுக்கு எரிச்சல் பட்டார்ங்கறது எல்லாம் அதுக்குள்ள தான் இருக்கு.

எனக்கு கணக்குல பயம் போனதே இந்த பேப்பரால தான். ஏ ஜீரோங்கற சைஸ் சரியா ஒரு சதுர மீட்டர், அத பாதி பாதியா நாலு தடவை மடிச்சா ஏ ஃபோர், அப்போ பதினாறு ஏ ஃபோர் சேர்ந்தா ஒரு சதுர மீட்டர், 80 ஜிஎஸ்எம் பேப்பர்னா ஒரு ஷீட்டு 5 கிராம், 500 ஷீட் ரீம் 2.5 கிலோ. இத அவர் வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் குடுத்தார். இந்த அளவு முறைக்கு அடிப்படையான நீள அகல விகிதத்த லிச்சன்பெர்க்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி 1786லயே ஒரு லெட்டர்ல எழுதியிருக்கார்னும், ஜெர்மனியில 1922ல தான் அது ஸ்டாண்டர்டா வந்துச்சுன்னும் நான் பெரியவளானப்புறம் படிச்சு அவர்கிட்ட சொன்னேன். "நூத்தி முப்பத்தாறு வருஷமா? அரசாங்க ஆபீஸ் பரவாயில்லையேம்மா" அப்படின்னார். இந்த மாதிரி ஒரு வரி பேசிட்டு மூஞ்சிய சீரியஸா வெச்சுக்குவார்.

சரி, பேச வைக்கிற விஷயத்துக்கு வரேன், ஏன்னா அது தான் ரொம்பப் பேர் கேக்கறது. "அப்பா உங்க வாழ்க்கையச் சொல்லுங்க" அப்படின்னு கேமராவ நீட்டினா எந்த வியாபாரியும் ஒண்ணும் சொல்ல மாட்டார். "என்னத்த சொல்றது, கஷ்டப்பட்டோம், வந்தோம்" அவ்வளவு தான், ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். எங்க அப்பா அத விட மோசம், கேமராவப் பாத்தா மேடைப் பேச்சு தொனி வந்துடும், இளைஞர்களுக்கு அறிவுரை எல்லாம் சொல்ல ஆரம்பிச்சிடுவார். அதனால கேள்விய மாத்தினோம். ஒரு பழைய சாவிக்கொத்த எடுத்துட்டுப் போய் இது எந்தப் பூட்டுக்குன்னு கேட்டேன். அன்னிக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினார், முதல் கோடவுன், அத வாடகைக்கு விட்டவர், மழைத் தண்ணி உள்ள வந்து அடி ரீமெல்லாம் ஊறிப் போனது, ஊறின பேப்பர என்ன பண்ணார்னு. பொருள் கையில இருந்தா வாய் தானா திறக்குது. சாவி, பழைய ரப்பர் ஸ்டாம்ப், கணக்குப் பெட்டி, ஒரு போட்டோ, எதுவா வேணா இருக்கட்டும்.

பொருள் இல்லேன்னா கேள்வியாவது சின்னதா இருக்கணும். முதல் நாள் மேஜை எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு? முதல்ல உங்களுக்கு கடன் தர மாட்டேன்னு சொன்னது யாரு? ரொம்ப பெரிய நஷ்டம் எது, அன்னிக்கு வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட என்ன சொன்னீங்க? இந்தக் கடைசிக் கேள்விக்கு அப்பா பதில் சொல்லவே இல்ல, கொஞ்ச நேரம் கழிச்சு "சொல்லல" அப்படின்னார். அந்த ஒத்த வார்த்தையும் அதுக்கு முன்னாடி இருக்கற அமைதியும் ரெக்கார்டிங்ல அப்படியே இருக்கு. அமைதி வந்தா பயந்துட்டு அடுத்த கேள்விக்குத் தாவாதீங்க, வயசானவங்களுக்கு யோசிச்சு எடுக்க நேரம் வேணும், நம்ம அவசரத்துல அது போயிடும்.

எந்த வயசப் பத்தி கேக்கறோம்ங்கறதும் முக்கியம். மனுஷங்களுக்கு வயசானப்புறம் சுமார் பத்துல இருந்து முப்பது வயசு வரைக்கும் நடந்தது தான் அதிகமா, தெளிவா ஞாபகம் வருதுன்னு மனோதத்துவ ஆராய்ச்சியில பல தடவை பாத்திருக்காங்க. முதல் சம்பளம், முதல் ஊர் மாற்றம், கல்யாணம்னு புதுசு புதுசா நடக்கற காலம் அது, அதனால ஆழமா பதியுதுங்கறது ஒரு விளக்கம். நமக்கு இது லாபம். நமக்குத் தெரியாத அந்த முதல் பாதி தான் அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கற பாதி. நேத்து என்ன மாத்திரை போட்டார்னு அப்பாவால சொல்ல முடியாது, ஆனா இருபத்திரெண்டு வயசுல வாங்கின முதல் லோடுல எத்தனை ரீம், எது டேமேஜ், வண்டிக்காரர் எப்படி பேசினார்னு அப்படியே சொல்லுவார்.

சொன்னதயே திரும்பத் திரும்பச் சொல்றாரேன்னு வீட்ல சலிச்சுக்குவோம் இல்லையா. ஒரு காலத்துல டாக்டர்களே, வயசானவங்க பழசையே பேசறது மூளை தளர்ந்துபோன அறிகுறின்னு நெனச்சாங்க. ராபர்ட் பட்லர்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டர் 1963ல ஒரு கட்டுரை எழுதி, அது நோய் இல்ல, கடைசி காலத்துல எல்லாரும் தன் வாழ்க்கைய திரும்பி எடுத்துப் பாத்து ஒழுங்கு பண்ற இயல்பான வேலைன்னு சொன்னார். அப்பா விஷயத்துல இது எவ்வளவு சரின்னு ரெக்கார்டிங்க வரிசையா கேட்டப்போ தெரிஞ்சுது. ஒரே கதைய அஞ்சாறு தடவை சொல்லியிருக்கார், கட்டிங் மெஷின் வாங்கின கதை. முதல் தடவை சொன்னப்போ அது வெற்றிக் கதை. அடுத்தடுத்து சொல்றப்போ அந்த மெஷின வித்த ஆள் ஏன் வித்தார்ங்கறது வருது, அவருக்கு தொழில் நொடிச்சுப் போயிருந்துச்சு, அப்பா விலையக் குறைச்சு பேசியிருக்கார். கடைசியா சொன்னப்போ அந்த ஆளோட பேர மட்டும் ரெண்டு மூணு தடவை சொல்லிட்டு நிறுத்திட்டார். முதல் தடவை பதிஞ்சாச்சேன்னு விட்டிருந்தா இது கிடைச்சிருக்காது. அதனால அதே கதைய மறுபடி சொன்னாலும் பட்டன அமுக்குங்க.

ரெக்கார்டிங்குக்கு பெருசா எதுவும் வேண்டாம், ஃபோனே போதும். ஏரோபிளேன் மோட்ல போடுங்க, இல்லேன்னா நல்ல இடத்துல கால் வந்து கட் ஆகும். மேஜை மேல நேரா வைக்காம ஒரு துணிய மடிச்சு அதுக்கு மேல வைங்க, மேஜையத் தட்டித் தட்டிப் பேசறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஃபேன் சத்தம், டிவி சத்தம் நம்ம காதுக்குப் பழகியிருக்கும், ரெக்கார்டிங்ல அது தான் பெருசா கேக்கும். வேவ் ஃபைலா (சுருக்காத ஆடியோ) எடுத்தா இடம் அதிகம் பிடிக்கும், சாதாரண சிடி குவாலிட்டி ஸ்டீரியோவுல நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி, ஆனா மூலத்த அப்படி வெச்சுக்கிட்டு, குடும்பத்துக்கு அனுப்பறதுக்கு மட்டும் எம்பி த்ரீயா மாத்திக்கறது நல்லது. காலையில, சாப்ட்டு கொஞ்ச நேரம் ஆனப்புறம் ஆரம்பிச்சு, களைப்பு வர்றதுக்கு முன்னாடி நிறுத்திடணும். காது மந்தமானவங்களுக்கு முதல்ல கேக்காம போறது உயர்ந்த சுருதி சத்தம், அதனால நான் கத்திக் கேட்டா அப்பாவுக்கு இன்னும் புரியாது, கோச்சுக்குவார். சுருதியத் தாழ்த்தி, மூஞ்சியப் பாத்து, மெதுவா கேட்டா புரிஞ்சுக்குவார். அண்ணனுக்கு இயல்பாவே கட்டைக் குரல், அதனால அண்ணன் கேட்டா உடனே பதில், எனக்கு எரிச்சலா இருக்கும்.

இதெல்லாம் வாய் வழியா வந்தது. ஆனா எங்களுக்கு உண்மையான புதையல் கணக்குப் புஸ்தகம் தான், அதுவும் பேரேடு இல்ல, சிட்டை.

பேரேடு சுத்தமா இருக்கும், பேருக்கு ஒரு பக்கம், பற்று வரவு, நிலுவை. ஆடிட்டருக்குக் காட்டறது அது. சிட்டை அன்னன்னிக்கு நடந்தத நடந்த வரிசையில கிறுக்கறது. 1494ல வெனிஸ்ல லூக்கா பாச்சோலின்னு ஒரு இத்தாலிய கணித அறிஞர் இரட்டைப் பதிவு (ஒவ்வொரு வரவு செலவையும் ரெண்டு இடத்துல பதியற) கணக்கு முறைய முதல் தடவையா விளக்கமா அச்சுல போட்டப்போ அவரும் மூணு புஸ்தகம் வைக்கணும்னு தான் சொன்னார். முதல் புஸ்தகத்துல யார், என்ன, எப்போ, எந்தப் பேச்சுல முடிஞ்சுதுன்னு விட்டுப் போகாம எழுதணும், அப்புறம் தான் அடுத்த ரெண்டுக்கு சுத்தமா ஏத்தணும். அப்பா பாச்சோலி பேரக் கேள்விப்பட்டதே இல்ல, ஆனா அவர் சிட்டை அப்படித் தான் இருக்கும். தொகைக்குப் பக்கத்துல ரெண்டு வார்த்தை இருக்கும். "மாமனார் சீரியஸ், அடுத்த மாசம்", "வாய் ஜாஸ்தி, ரொக்கம் மட்டும்", "பொண்ணு படிப்பு, கேக்க வேண்டாம்". நான் பிறந்த தேதியில மூணு லோடு இறங்கியிருக்கு, அதுக்கு நடுவுல ஆஸ்பத்திரி செலவுன்னு ஒரு தொகை, பக்கத்துல "பெண். நலம்." அதுக்கடுத்த வரியே லாரி வாடகை. எனக்கு சிரிப்பு தாங்கல, அம்மா இருந்திருந்தா சண்டை போட்டிருப்பாங்க.

சிட்டைய எப்படிப் படிக்கணும்னு ஒரு வழி சொல்றேன். மொத்தத்தயும் வரிசையா படிக்க முயற்சி பண்ணா அலுத்துடும். முதல்ல குடும்பத்துல முக்கியமான தேதிங்களக் குறிச்சுக்கிட்டு அந்தந்தப் பக்கத்தப் பாருங்க. அப்புறம் எழுத்து இல்லாம வெறுமையா இருக்கற நாளுங்களப் பாருங்க, அவர் ஏன் அன்னிக்கு எழுதலன்னு தேடினா ஏதாவது ஒண்ணு கிடைக்கும். அப்புறம் அடிக்கடி வர்ற பேருங்க, திடீர்னு வராம நின்னு போன பேருங்க. தாத்தாவுக்கு மாசா மாசம் போன பணம் எந்த மாசம் நின்னுச்சுன்னு பாத்து தான் தாத்தா செத்த வருஷத்த உறுதிப்படுத்தினோம், வீட்ல ஆளுக்கொரு வருஷம் சொல்லிட்டு இருந்தாங்க.

இந்தப் புஸ்தகங்களக் காப்பாத்தறதுல அப்பாவோட தொழில் அறிவு தான் கை குடுத்துச்சு. எல்லா பேப்பரும் ஒரே மாதிரி சாகாதுன்னு சொல்லுவார். நியூஸ்பிரிண்ட் மாதிரி மரத்த அரைச்சு அப்படியே செய்யறதுல லிக்னின்னு மரத்துல உள்ள ஒரு பொருள் இருக்கும், அது வெளிச்சமும் காத்தும் பட்டா மஞ்சளாகும். மை ஊறிப் பரவாம இருக்கறதுக்காக படிகாரமும் ரோசினும் (மரப் பிசின்) சேர்த்து செஞ்ச பழைய காலத்து பேப்பர்ல அமிலம் இருக்கும், அது நாரையே உள்ளுக்குள்ள அறுத்துடும், மடிச்சா அப்பளம் மாதிரி உடையும். இந்த ரோசின் முறைய 1807ல ஒரு ஜெர்மன்காரர் வெளியிட்டார், நூறு நூத்தம்பது வருஷப் புஸ்தகங்க இன்னிக்கு லைப்ரரியில பொடியா உதிர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். அப்பா பேரேட்டுக்கும் சிட்டைக்கும் மட்டும் நல்ல லெட்ஜர் பேப்பர் வாங்கி பைண்ட் பண்ணிக்குவார், பில்லுக்கு மட்டமான பேப்பர். அதனால சிட்டை எல்லாம் இன்னிக்கும் திடமா இருக்கு, பில்லு கட்டுங்க தான் போச்சு.

செய்யக் கூடாததுங்கள முதல்ல சொல்லிடறேன். லேமினேட் பண்ணாதீங்க, ஆசையா பண்ணுவாங்க, ஆனா சூட்டுல ஒட்டினது திரும்பி வராது. செலோ டேப் ஒட்டாதீங்க, பசை மஞ்சளாகி உள்ள இறங்கும். ரப்பர் பேண்டு, குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாத்தயும் பொறுமையா எடுத்துடுங்க, ரப்பர் உருகி ஒட்டும், பின் துருப் பிடிக்கும். ஒட்டும் பக்கம் உள்ள ஆல்பத்துல போட்டோ இருந்தா முதல்ல அப்படியே ஸ்கேன் பண்ணிட்டு அப்புறம் பிரிச்சுப் பாருங்க. போட்டோவுக்குப் பின்னாடி பேர் எழுத பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும், மெத்து பென்சில்ல ஓரமா லேசா எழுதுங்க, இத அவங்க இருக்கறப்போவே அவங்கள வெச்சே எழுதுங்க, ஏன்னா அந்தக் குரூப் போட்டோவுல இருக்கற பதினஞ்சு பேர அடையாளம் தெரிஞ்ச கடைசி ஆள் அவங்க தான். மெஷின்ல வர்ற வழுவழு பில்லு, ஏடிஎம் சீட்டு எல்லாம் தெர்மல் பேப்பர், சூட்டுல கறுப்பாகற பூச்சு அது, வெச்சிருந்தா தானாவே வெளுத்துடும், முக்கியமானதுன்னா அன்னிக்கே ஜெராக்ஸ் எடுங்க.

ஸ்கேனுக்கு எழுத்துப் பக்கம்னா 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கற அளவு) போதும், போட்டோவுக்கு 600. அப்புறம் மூணு காப்பி, ரெண்டு வேற வேற வகை மீடியாவுல, அதுல ஒண்ணு வேற வீட்ல. போட்டோகிராஃபருங்க கடைப்பிடிக்கற முறை இது. நாங்க ஒரு ஹார்டு டிஸ்க்கு என்கிட்ட, ஒண்ணு அண்ணன்கிட்ட, ஒண்ணு கிளவுடுலன்னு பிரிச்சு வெச்சோம்.

இப்போ தொழில் சம்பந்தமா, இது ஞாபகத்துக்கும் துக்கத்துக்கும் நடுவுல வந்து மண்டையக் காயவெக்கற விஷயம். சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் வேற வேற, அதுக்கு வக்கீலும் ஆடிட்டரும் தான் வழி. ஆனா பொதுவா சில விஷயம் இருக்கு. தனி ஆளா, சொந்தப் பேர்ல தொழில் நடத்தறவங்களுக்கு தொழிலும் ஆளும் சட்டத்துக்கு முன்னாடி ஒண்ணு தான், ஆள் போனா கணக்கு, லைசென்ஸ் எல்லாம் கேள்விக்குறி ஆயிடும். பவர் ஆஃப் அட்டர்னி குடுத்திருக்கார், அத வெச்சு சமாளிச்சுக்கலாம்னு சிலர் நெனப்பாங்க, அது அவர் உயிரோட இருக்கற வரைக்கும் தான். அப்பா எண்பதத் தாண்டினப்போவே தொழில பார்ட்னர்ஷிப்பா மாத்தி, ஒருத்தர் போனாலும் தொழில் தொடரும்னு பத்திரத்துல எழுதி வெச்சுட்டார், அந்த ஒரு வரி இல்லேன்னா பல இடத்துல பார்ட்னர் போனதும் பார்ட்னர்ஷிப்பே கலைஞ்சதா ஆயிடும்.

அவரோட ஃபோன் நம்பர உடனே கட் பண்ணாதீங்க, இது ரொம்ப ரொம்ப முக்கியம். ஓடிபி எல்லாம் அதுக்குத் தான் வரும், பழைய கஸ்டமர் எல்லாம் அந்த நம்பருக்குத் தான் அடிப்பாங்க. முறைப்படி சொல்ல வேண்டிய இடத்துல எல்லாம் சொல்லி, எல்லாத்தயும் மாத்தி முடிக்கற வரைக்கும் ரீசார்ஜ் பண்ணி வைங்க. இமெயில் இருந்தா கூகுள்ல ரொம்ப நாள் கணக்கு அசையலேன்னா யாருக்கு விவரம் போகணும்னு முன்னாடியே செட் பண்ணலாம், 2013ல இருந்தே இருக்கு, ஆப்பிள்லயும் 2021ல இருந்து லெகசி கான்டாக்ட்னு வந்திருக்கு. இது எதயும் செத்தப்புறம் நாம பண்ண முடியாது, அவங்க இருக்கறப்போ அவங்க கையால பண்ண வேண்டியது.

பாக்கி விஷயத்துல நாங்க ஒரே முடிவு எடுத்தோம். வரவேண்டியதோ, குடுக்க வேண்டியதோ, முதல் சில வாரத்துக்கு எதுவும் வாய்ப்பேச்சுல ஒத்துக்கறதில்லன்னு. எல்லாருக்கும் ஒரே மாதிரி லெட்டர், எங்க புஸ்தகத்துல இவ்வளவு நிக்குது, உங்க கணக்கு என்னன்னு எழுதி அனுப்புங்கன்னு. அப்பா எனக்கு இவ்வளவு தரணும்னு சொல்லிட்டு வந்த ஒருத்தர் லெட்டர்னதும் திரும்பி வரல. புஸ்தகத்துலயே இல்லாத ஒரு பழைய பாக்கிய தானா கொண்டு வந்து குடுத்துட்டு ரசீது கூட வேண்டாம்னு போனவரும் உண்டு. "கேக்க வேண்டாம்" அப்படின்னு சிட்டையில எழுதியிருந்த பேருக்கு எல்லாம் லெட்டர் அனுப்பல. அண்ணனுக்கு இதுல கொஞ்சம் வருத்தம், தொகை சின்னது இல்ல, ஆனா அப்பா எழுதினத மாத்த எங்க ரெண்டு பேருக்கும் தைரியம் இல்ல.

அப்புறம் மத்தவங்ககிட்ட கதை கேக்கறது. "அப்பாவப் பத்தி சொல்லுங்க" அப்படின்னா பாராட்டு தான் வரும், அந்த நாலு வாக்கியம். "அப்பா உங்ககிட்ட கோவப்பட்ட ஒரு சம்பவம் சொல்லுங்க" அப்படின்னு கேளுங்க, ஆள் நிமிர்ந்து உக்காருவாங்க. எங்ககிட்ட நாப்பது வருஷம் இருந்த கோடவுன் பெரியவர், இன்னிக்கும் என்னைப் பாப்பான்னு தான் கூப்பிடுவார், அவர் சொன்னார், "முதலாளி என்னை ஒரே ஒரு தடவை தான் பாப்பா அடிக்க கை ஓங்கினார், சரக்கு போனதுக்கு இல்ல, நான் மேல ஏறி நின்னப்போ கீழ ரீல் உருண்டுச்சு, அதுக்கு." ரீல் ஒண்ணு பல நூறு கிலோ இருக்கும், உருண்டா நிக்காது, அதுக்கு ரெண்டு பக்கமும் கட்டை வெக்காம யாரும் மேல ஏறக் கூடாதுங்கறது அங்க சட்டம்.

ஆனா எல்லார விட நல்ல கதை குடுத்தது அப்பாவோட போட்டி வியாபாரி. போய்ப் பாக்கவே எங்களுக்கு சங்கடம், ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாம பல வருஷம் இருந்தவங்க. அவருக்கு எண்பத்தாறு. உக்காந்ததும் அப்பாவத் திட்டித் தான் ஆரம்பிச்சார், எந்தெந்த கஸ்டமர எப்படி எப்படி தட்டிக்கிட்டுப் போனார்னு பட்டியல்.  அப்புறம் இவருக்கு சரக்கு தீர்ந்து, வாக்கு குடுத்த ஆர்டர் தவறிப் போகற நிலைமையில, அப்பா கோடவுன்ல இருந்து ஒரு லோடு வந்து நின்னுச்சாம், லாப விலை போட்டு, பில்லோட. "சும்மா குடுத்திருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன்னு உங்கப்பனுக்குத் தெரியும்" அப்படின்னார். இந்த சம்பவம் அப்பா வாயில இருந்து ஒரு தடவை கூட வந்ததில்ல. சிட்டையில தேடினோம், இருக்கு, தொகை, ரீம் கணக்கு, பக்கத்துல வார்த்தை எதுவும் இல்ல.

குறைகளயும் எழுதி வெச்சிருக்கோம். என்னைக் கல்லா மேஜையில உக்கார விட அவருக்கு ரொம்ப வருஷம் ஆச்சு, அண்ணனுக்கு பதினெட்டுல கிடைச்ச சாவி எனக்கு முப்பதுல தான் கிடைச்சுது, அதுக்கு அவர் கடைசி வரை ஒரு காரணமும் சொல்லல. கம்ப்யூட்டர நம்ப மாட்டார், பிரிண்ட் எடுத்து மறுபடி கையால கூட்டிப் பாப்பார். வீட்ல சேர்ந்தாப்ல சாப்பிட உக்காந்தது அபூர்வம். இதெல்லாம் எதுக்கு எழுதணும்னு சொந்தத்துல சிலருக்கு வருத்தம். அப்பா மட்டமான சரக்க மேல நல்ல ஷீட் வெச்சு மறைச்சு வித்தவர் இல்ல, அவரப் பத்தி எழுதறதுல மட்டும் அத நாங்க ஏன் பண்ணணும்.

இப்போ ரெக்கார்டிங் எல்லாத்துக்கும் அண்ணன் பையன் ஒரு இண்டெக்ஸ் போட்டிருக்கான், எந்த ஃபைல்ல எத்தனாவது நிமிஷத்துல என்ன பேச்சுன்னு, இத பண்ணலேன்னா மணிக்கணக்கான ஆடியோவ யாரும் திரும்பக் கேக்க மாட்டாங்க, அதனால இதுக்கு சோம்பல் படாதீங்க. முழுசா எழுத்துல கொண்டு வர்ற வேலை மெதுவா போயிட்டு இருக்கு. நடுவுல ஒரு தகராறு, முதல் லோடுக்கு பணம் குடுத்தது யாருன்னு. அப்பா ரெக்கார்டிங்ல தன்னோட சேமிப்புன்னு சொல்றார், அத்தை பையன் அது அத்தையோட வளையல அடகு வெச்ச பணம்னு சத்தியம் பண்றார், சிட்டை அந்த வருஷத்துக்கு கிடைக்கல. ரெண்டு கதையயும் போட்டிருக்கோம், யார் சொன்னது, எப்போ சொன்னதுன்னு பக்கத்துல எழுதி.